மிச்சிகன் லில்லி

மிச்சிகன் லில்லி என்பது வட அமெரிக்காவின் பேரேரிகளைச் சூழ்ந்த பகுதிகளிலும் மிசிசிப்பி ஆற்றுப் படுகையின் வடபகுதியிலும் இயற்கையாக வளரும் பல்லாண்டுப் பூச்செடி ஆகும். லிலியேசியே குடும்பத்தைச் சேர்ந்த இதன் அறிவியற் பெயர் லிலியம் மிச்சிகனென்சே. ஒலிவர் ஃபார்வெல் 1915 ஆம் ஆண்டில் இதைத் தனி இனமாக விவரித்தார். பின்வந்தோருள் சிலர் இதனைக் கனடா லில்லியின் துணையினமாகக் கருதினர். தமிழில் அல்லி எனப்படும் நீர்த்தாவரத்துடன் இதற்கு நெருங்கிய உறவு இல்லை. அல்லிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'வாட்டர் லில்லி' என்ற பெயரே இக்குழப்பத்துக்குக் காரணம்.

ஈரப் புல்வெளிகள், சதுப்பு நிலங்கள், ஓடைக்கரைகள் ஆகியவற்றில் இச்செடி காணப்படும். நிலத்தடிக் குமிழிலிருந்து எழும் ஒற்றைத் தண்டு 2 மீட்டர் வரை உயரக்கூடும். சூலை மாதத்தையொட்டிப் பூக்கும். தலைகவிழ்ந்த செம்மஞ்சள் நிறப் பூவில் ஆறு இதழ்கள் உள்ளன. கரும்புள்ளிகள் கொண்ட இவ்விதழ்கள் பின்னோக்கி வளைந்திருப்பது செங்காந்தளை நினைவூட்டும். செங்காந்தளும் முன்னர் லிலியேசியேயில் வைக்கப்பட்டிருந்ததே. இன்று அது கொல்சிகேசியே குடும்பத்தில் உள்ளது.

இனங்காணல்

பூவை மட்டும் பார்த்து இச்செடியை உறுதிசெய்ய முயல்வதே பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம். கிழக்காசியாவிலிருந்து தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டு வெளியே பரவிய புலி லில்லியின் பூவும் ஏறத்தாழ இதே தோற்றமுடையது. வேறுபாடு தண்டில் உள்ளது. மிச்சிகன் லில்லியில் ஒரே கணுவில் பல இலைகள் தண்டைச் சுற்றி வட்டமாக அமைந்திருக்கும். புலி லில்லியில் கணுவுக்கு ஓர் இலையே இருக்கும். இலைக்கோணங்களில் மிளகு போன்ற கருநிறச் சிறுகுமிழ்கள் தோன்றும். இவை உதிர்ந்து புதுச் செடிகளாகும். மிச்சிகன் லில்லியில் இச்சிறுகுமிழ்கள் உண்டாவதில்லை. ஆனால் அதன் உச்சியருகே சில இலைகள் தனித்தனியாக அமைவதுண்டு. ஆகவே தண்டின் நடுப்பகுதியையே பார்க்க வேண்டும்.

சாலையோரங்களில் மிகுந்து காணப்படும் செம்மஞ்சள் நாள் லில்லி உண்மையான லில்லியே அன்று. அதன் நீண்ட இலைகள் அடியிலிருந்தே கொத்தாக எழும். பூக்காம்பில் இலைகள் இரா. புள்ளியற்ற பூக்கள் மேல்நோக்கி இருக்கும்.

உள்நாட்டு இனமான வுட் லில்லிக்கும் வட்ட இலைகள் உண்டு. எனினும் அதன் பூ வானை நோக்கித் திறந்திருக்கும். டர்க்ஸ் கேப் லில்லியைப் பிரித்தறிவதே உண்மையில் கடினம். அதன் பூவின் நடுவே பச்சை நிற விண்மீன் வடிவம் தெளிவாகத் தெரியும். அது பெரும்பாலும் கிழக்கு மாநிலங்களுக்கு உரியது.

வட்ட இலையமைவு பூப்பதற்கு முன்பே புலப்படும் என்பதால் களையெடுப்போருக்கு இது மிகவும் பயன்படும். அயல் இனம் என்று எண்ணி உள்நாட்டுச் செடியைப் பிடுங்கிவிட்டால் இழப்பு எளிதில் ஈடாகாது. விதையிலிருந்து முளைக்கும் செடி பூக்கும் பருவத்தை அடையப் பல ஆண்டுகள் ஆகும். இளஞ்செடியில் தண்டே இராது, மண்ணிலிருந்து ஓர் இலை மட்டும் நீட்டி நிற்கும். அந்நிலையில் இனத்தை உறுதிசெய்ய இயலாது, விட்டுவைப்பதே நன்று.

அச்சுறுத்தல்கள்

மான்கள் மொட்டுகளையும் தண்டின் மேற்பகுதியையும் விரும்பி உண்கின்றன. ஈரநிலங்களை வடித்து வேளாண் நிலமாக்கியதும் இதன் வாழிடத்தைச் சுருக்கியது. 1943 ஆம் ஆண்டில் மொண்ட்ரியாலில் கண்டறியப்பட்ட சிவப்பு லில்லி வண்டு, தோட்ட லில்லிகளுடன் உள்நாட்டு லில்லிகளின் இலைகளையும் தின்கிறது.