மீனுக்குள் பாதரசம் இருக்கிறதா? அணு உலைக்குள் வைத்து கண்டுபிடிப்பது எப்படி!

மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். சிவப்பாக இருந்தால் புது மீன். வெளுத்துப்போய் இருந்தால் பழசு. ஆனால் மீனுக்குள் பாதரசம் இருக்கிறதா என்பதை கண்ணாலும் பார்க்க முடியாது, மூக்காலும் கண்டுபிடிக்க முடியாது. கழுவினாலும் சரி, குழம்பு வைத்தாலும் சரி, கருவாடு போட்டாலும் சரி, அது போகாது.

பாதரசம் மூளையையும் நரம்பையும் தாக்கும். ஜப்பான் நாட்டில் மினமாட்டா என்ற கடலோர ஊரில் ரசாயன ஆலை கழிவு கடலில் விடப்பட்டது. அந்த மீனைச் சாப்பிட்டவர்களுக்கு கை, கால் நடுக்கம், பார்வைக் கோளாறு, வலிப்பு வந்தது. பலர் இறந்தனர். 1956-ம் ஆண்டு இந்த நோய் வெளிச்சத்துக்கு வந்தது. தாய் நன்றாக இருந்தும் வயிற்றில் இருந்த குழந்தை பாதிக்கப்பட்டதுதான் கொடுமை.

எப்படி அளக்கிறார்கள்?

ஒரு கிலோ மீனில் அரை மில்லிகிராம். பொதுவாக மீனில் அனுமதிக்கப்பட்ட பாதரச அளவு இதுதான். அதாவது ஒரு டன் மீனில் வெறும் அரை கிராம்! இவ்வளவு துளியை அளக்க உதவுவதுதான் 'நியூட்ரான்' சோதனை. 1936-ம் ஆண்டு ஹெவசி, ஹில்டே லெவி என்ற 2 விஞ்ஞானிகள் இந்த முறையைக் கண்டுபிடித்தனர்.

மீன் சதையில் சிறு துண்டை வெட்டி, காயவைத்து, பொடியாக்கி, சின்ன குப்பியில் அடைக்கிறார்கள். அதை அணு உலைக்குள் வைக்கிறார்கள். உலையில் இருந்து வரும் நியூட்ரான்கள் பொடியில் உள்ள அணுக்களோடு சேர்ந்து விடும். உடனே அந்த அணுக்கள் காமா கதிரை வெளியே விடும். பாதரசத்துக்கு ஒரு வகை கதிர், துத்தநாகத்துக்கு வேறு வகை. ஆளுக்கு ஆள் கைரேகை மாறுகிற மாதிரிதான் இது. கருவி அந்தக் கதிரை எண்ணி, எந்தப் பொருள் எவ்வளவு என்று சொல்லிவிடும்.

முதலில் மீனில் உள்ள உப்பின் கதிர்தான் அதிகமாக இருக்கும். அது சில நாளில் அடங்கிவிடும். பாதரசத்தின் கதிர் பாதியாகக் குறையவே சுமார் 47 நாள் ஆகும். அதனால் குப்பியை சில வாரம் ஆறப்போட்டு பிறகு எண்ணுவது உண்டு.

'கதிர் பாய்ந்த மீனா?' என்று பயப்பட வேண்டாம். சோதனைக்குப் போவது அந்தச் சிட்டிகை பொடி மட்டும்தான். அது திரும்ப மார்க்கெட்டுக்கு வராது.

90 வருட பழைய மீன்

1970-ம் ஆண்டு அமெரிக்காவில் டப்பாவில் அடைத்த சூரை மீனில் பாதரசம் இருப்பது தெரிந்து பெரும் பரபரப்பு ஏற்பட்டது. எல்லாம் ஆலைக் கழிவால் வந்த வினை என்று பேசப்பட்டது. கலிபோர்னியா விஞ்ஞானிகள் மியூசியத்தில் வைத்திருந்த 7 பழைய சூரை மீன்களை எடுத்தனர். அவை 62 முதல் 93 ஆண்டுகளுக்கு முன் பிடிபட்டவை. சோதித்துப் பார்த்தால், புது மீனில் இருந்த அளவுக்கே அதிலும் பாதரசம்! 1972-ம் ஆண்டு இது வெளியானது.

அதாவது, ஆலை இல்லாத நடுக்கடலில்கூட பெரிய மீனில் பாதரசம் சேரும். சின்ன மீனை பெரிய மீன் தின்கிறது, அதை இன்னும் பெரிய மீன் தின்கிறது. பாதரசமும் கூடவே ஏறிக்கொண்டே போகிறது. மினமாட்டா போல கழிவை கொட்டினால் கரையோர மீனும் விஷமாகிவிடும்.

தமிழ்நாட்டில் கல்பாக்கத்தில் 1996-ல் இயங்கத் தொடங்கிய 'காமினி' என்ற சிறிய உலையும் இந்த வகை சோதனைக்குப் பயன்பட்டது.

யார் கவனமாக இருக்கணும்?

பிள்ளை பெற்ற பெண்களுக்கு பால் ஊற சுறாப்புட்டு கொடுப்பது நம்ம வழக்கம். ஆனால் கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மார்களும், சிறு குழந்தைகளும் சுறா, வாள்மீனை தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவுத் துறை சொல்கிறது. இதை டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அதற்காக மீனையே விட்டுவிடக் கூடாது. மத்தி, நெத்திலி போன்ற சின்ன மீன்களில் பாதரசம் குறைவு, சத்து அதிகம். விலையும் கைக்கு அடக்கம்!