பார மோட்டாரும் உத்தரவாதச் சீட்டும்

தர்மபுரி ஜில்லா ஏரியூர் போன்ற மேட்டுப் பாங்கான ஊர்களில், விளைபொருளைச் சந்தை சேர்க்கும் பிக்கப் வண்டி நின்றுபோனால் குடியானவருக்கு நேரும் நஷ்டம் சொற்பமன்று. பறித்த தக்காளி காத்திராது. கடன் தவணையும் நில்லாது. பட்டறையிலிருந்து திரும்பிய வண்டி அதே கோளாறுடன் மீண்டும் நிற்பதே பலருடைய மனக்குறை.

உத்தரவாதம் என்பது பெரும்பாலும் குறையுள்ள உறுப்பைச் செப்பனிடவோ மாற்றவோ செய்த கராரேயாம். புதுவண்டி தருவதாகச் சொன்ன வாக்கன்று. 2006-ஆம் வருஷம் ஒரு கார் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் இவ்வாறே கொண்டது. காலம், கிலோமீட்டர் இவ்விரண்டில் முந்துவதோடு அது முடிவுறும். பிரேக் கட்டை, கிளச்சுத் தட்டு முதலிய தேயும் உறுப்புகள் பொதுவாக அதில் அடங்கா. அளவு கடந்த பாரமும், தவறிய சர்வீஸும் மறுப்புக்கு இடந்தரும்.

ஆகையால், வண்டியை விடும்போதெல்லாம் கோளாறு, தேதி, ஓடிய தூரம் ஆகியவற்றை ஜாப் கார்டில் எழுதச்செய்து நகல் பெறுதல் அவசியம். இலவச வேலைக்கும் சீட்டு வேண்டும். அதே பழுது திரும்பினால் எழுத்து மூலம் அறிவித்தல் நலம்.

அதனாலும் பயனில்லையேல், 1915 என்ற தொலைபேசி எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் முறையிடலாம். 2019-ஆம் வருஷத்துச் சட்டப்படி, சுயதொழிலால் ஜீவனம் செய்வதற்கே வண்டி வாங்கியவரும் நுகர்வோரே. வழக்குக்குக் காரணம் நேர்ந்த இரண்டு வருஷத்துக்குள், தாம் வசிக்கும் ஜில்லா ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். வண்டி விலை ரூ. 5 லட்சம் வரை கட்டணமில்லை; ரூ. 10 லட்சம் வரை ரூ. 200.

சீட்டில்லாத முறையீடு வலுவிழக்கும். கிராம அதிகாரிகள் இதனைக் குடிகளுக்கு எடுத்துரைப்பாராக.