ஓய்ந்துபோன வயிற்றுவலி

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களிலும், அவற்றை அடுத்த கன்னியாகுமரி மாவட்டத்திலும் மேல்வயிற்று வலி நெடுங்காலமாகப் பழகிப்போன நோயாகும். பசித்தால் வலிக்கும், உண்டால் தணியும், நள்ளிரவில் உறக்கத்தைக் கலைக்கும். முன்சிறுகுடலில் தோன்றும் புண்ணின் குறிகள் இவை. இப்புண் உயிருக்கு ஊறு செய்யும் வழிகளில் முதன்மையானவை இரண்டு: குடற்சுவர் துளைபடுதல், இரத்தக் குழாய் அரிக்கப்பட்டுக் குருதி பெருகுதல்.

பழைய தென் திருவிதாங்கூரில் இந்நோய் மிகவும் மலிந்திருந்தது. 1838இல் லண்டன் மிஷன் மருத்துவப் பணி தொடங்கிய நெய்யூருக்கு, 1922இல் டாக்டர் ஹோவார்டு சாமர்வெல் வந்தார். நோயாளர் கூட்டத்தைக் கண்டு, அங்கேயே பணிபுரிவதென முடிவு செய்தார். 1924இல் எவரெஸ்டு மலையில் பிராணவாயுக் கலமின்றி 8,500 மீட்டருக்கு மேல் ஏறியவரும் இவரே. இப்புண்ணுக்கான இரண சிகிச்சையில் தேர்ந்து, அதுபற்றி நூலும் எழுதினார். மரச்சீனியும் மிளகாயும் காரணமென ஐயுறப்பட்ட காலம் அது. ஹெலிகோபேக்டர் என்னும் கிருமியை மார்ஷல், வாரன் என்னும் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 1982இல் கண்டறிந்தனர். 2005இல் நோபல் பரிசு பெற்றனர். இக்கிருமியால் வந்த புண் இன்று ஏறக்குறைய இரு வார மருந்தில் ஆறத் தொடங்குகிறது. ஆனால் மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரைகள் புதிய புண்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன.

புண் துளைபட்டால் கத்தி பாய்ந்தாற்போல் திடீரென வலி எழும். நோயாளி புரளமாட்டார், முழங்காலை மடக்கி அசையாமல் கிடப்பார். வயிறு பலகைபோல் இறுகியிருக்கும். சிலருக்குத் தோள்முனையிலும் வலி தோன்றும். சில மணி நேரம் சென்றபின், கசிந்த அமிலம் நீர்த்துப்போவதால் வலி தணிவதுண்டு. வீட்டார் ‘சுகமாயிற்று’ என்று கஞ்சி வைக்கின்றனர். மெய்யாக நடப்பதோ வேறு. வயிற்றறை முழுவதும் கிருமி பரவத் தொடங்கியிருக்கும். நாடி விரைவதும், வயிறு உப்புவதும், நாவறட்சியும் அதன் அடையாளங்கள். துளை விழுந்தபின் கழியும் ஒவ்வொரு மணியும் பிழைக்கும் வாய்ப்பைக் குறைக்கின்றது.

குருதிப் பெருக்கில் வலி பெரிதாக இராது. காப்பித்தூள் போன்ற வாந்தி, தார்போல் ஒட்டும் துர்நாற்றமுள்ள கருமலம், குளிர்ந்த வியர்வை, எழுந்தால் மயக்கம் ஆகியவை காணப்படும். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். ஆயினும் அது தார்போல் ஒட்டுவதில்லை. மாதவிலக்குத் தவறிய பெண் அடிவயிற்று வலியுடன் மயங்கினால், கருக்குழாய் வெடித்து உள்ளே குருதி கசிவதாகவே முதலில் கருதவேண்டும்.

இந்நிலையில் விளக்கெண்ணெய், பேதி மருந்து, சுக்குக் கஷாயம், வலிமாத்திரை எதுவும் கொடுக்கலாகாது, தண்ணீரும் கூடாது. வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். நோயாளியைப் படுக்கவைத்து, வாந்தி எடுப்பின் ஒருபுறம் சாய்த்து, 108 வண்டியை அழைக்கவேண்டும். எல்லையோரத்தில் திருவனந்தபுரமா, நாகர்கோவிலா என்னும் வாதத்தில் பொழுது கழிதல் கூடாது. இரண சிகிச்சையும் இரத்தமும் கிடைக்கும் அண்மையான மருத்துவமனையே உரியது.

அங்கே நிற்கவைத்தோ உட்காரவைத்தோ எடுக்கும் எக்ஸ்ரே படத்தில், உதரவிதானத்தின் கீழ்க் காற்று தெரிந்தால் துளை உறுதியாகும். தெரியாமையால் துளையில்லை என்றாகிவிடாது. உப்புநீரும் கிருமிக்கொல்லி மருந்தும் நாளம் வழியே ஏற்றி, இரைப்பையைக் குழாயிட்டு வடித்தபின், வயிற்றைத் திறந்து கழுவுவர். குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரையின் ஒரு துண்டையே ஒட்டாக வைத்துத் துளையை அடைப்பர். குருதிப் பெருக்கை இன்று பெரும்பாலும் வாய்வழி செலுத்தும் உள்நோக்கிக் கருவியாலேயே நிறுத்துகின்றனர்.

நோயாளியுடன் அனுப்பும் சீட்டில் வலி தொடங்கிய மணி, நாடித் துடிப்பின் எண்ணிக்கை, கடைசியாக உண்ட நேரம், விழுங்கிய மாத்திரைகள் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். அரைமணிக்கொருமுறை நாடியை எண்ணி எழுதுதல் நன்று. 80லிருந்து 110க்கு ஏறியிருப்பின், வலி இல்லையென நோயாளி சொன்னாலும் வண்டியைத் திருப்பியனுப்பலாகாது.