செஞ்சி மலைப் பாறையும் சிசுவின் முதல் அணுவும்

செஞ்சிக் கோட்டையைப் பற்றி எழுதத்தான் என்னை அனுப்பினார்கள். 2025-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியையும் சேர்த்து, உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டதல்லவா? ராஜகிரியின் மேல் ஏறி இறங்கி, தேசிங்கு ராஜன் கதையை நாலு பக்கத்துக்கு அளந்துவிடலாம் என்றுதான் நானும் கிளம்பினேன். ஆனால், நேயர்களே, மலையின் முதல் படியைக்கூட நான் மிதிக்கவில்லை. கீழே ஆனைக்குளத்தங்கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

குளப்படியில் ஒரு பாட்டியம்மா; பக்கத்தில் ஒன்பது வயதுப் பேரன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளெல்லாம் 'ஹோ'வென்று கத்திக்கொண்டு மலை ஏற, இவன் மட்டும் தண்ணீரில் நெளியும் தலைப்பிரட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தான். தசை மெலிந்துகொண்டே போகும் வியாதியாம். நாலு வயது வரை ஓடியாடிய பையன். இப்போது வீட்டு வாசற்படி ஏறவே ஆள் துணை வேண்டும்.

பேச்சுவாக்கில் பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து, மடித்து மடித்து நைந்துபோன பளபளப்புக் காகிதம் ஒன்றை எடுத்தாள். ஏதோ ஒரு நகரத்து மருத்துவமனையின் விளம்பரம். 'ஸ்டெம் செல் சிகிச்சை' என்று கொட்டை எழுத்து.

"ஏம்மா, நீ படிச்சவளாட்டம் இருக்கே. இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லேன். ரெட்டை வடம் சங்கிலியை வித்துடலாம்னு இருக்கேன். ஊசி போட்டா புதுசா தசை முளைச்சிடுமாமே?"

படித்தவள்தான், ஆனால் நான் படித்தது சரித்திரம். "விசாரித்துச் சொல்கிறேன், பாட்டி" என்று டெலிபோன் நம்பரை வாங்கிக்கொண்டு வந்தேன். விசாரித்ததை உங்களிடமும் சொல்கிறேன். இந்த மாதிரிக் காகிதம் நாளைக்கு உங்கள் வீட்டு வாசலுக்கும் வரலாம், பாருங்கள்.

நீங்களும் நானும் ஒரே ஓர் அணுவாகத்தான் ஆரம்பித்தோம். அது இரண்டாகி, இரண்டு நாலாகி, ஐந்தாம் நாளில் நூறு இருநூறு அணுக்கள் சேர்ந்த சின்னஞ்சிறு பந்தாகிறது. பந்தின் மேல்தோல் பிற்பாடு நஞ்சுக்கொடியாகும். உள்ளே ஓர் ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு கூட்டம்தான் குழந்தையாகப் போகிறது. அந்தக் கூட்டத்திலுள்ள அணுவுக்கு இன்னும் உத்தியோகம் நிச்சயமாகவில்லை. கண்ணாகலாம், கல்லீரலாகலாம், இருதயமாகித் துடிக்கலாம். எதுவாகவும் ஆகும் சக்தியை வைத்துக்கொண்டு, தன்னைப் போலவே பெருகவும் தெரிந்த இந்த அணுவைத்தான் கரு ஸ்டெம் செல் என்கிறார்கள்.

1957-ல் வாடிங்டன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி இதைப் படமாகவே போட்டுக் காட்டினார். மலை உச்சியில் ஓர் உருண்டை. கீழே கிளை கிளையாகப் பிரியும் பள்ளத்தாக்குகள். உருண்டை ஒரு பள்ளத்தில் இறங்கினால் தோல். இன்னொன்றில் இறங்கினால் நரம்பு. செஞ்சிக்காரர்களுக்கு இந்தப் படத்தை விளக்கவே வேண்டாம். 'இதோ உருண்டேன், அதோ உருண்டேன்' என்று பயமுறுத்தியபடி ராஜகிரிச் சரிவில் நிற்கும் பாறைகளை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

கீழே விழுந்த பாறை மறுபடி உச்சிக்கு ஏறுமோ? பொரித்த பூரியைத் திரும்பவும் மாவாக்க முடியுமோ? முடியும் என்று காட்டினார் ஜான் கர்டன் என்ற ஆங்கிலேயர். தலைப்பிரட்டையின் குடல் அணுவிலிருந்து உட்கருவை எடுத்தார். சொந்த உட்கருவை அழித்துவிட்ட தவளை முட்டைக்குள் வைத்தார். அதிலிருந்து புதிதாகத் தலைப்பிரட்டைகளே உண்டாயின! இது 1962-ல். (பள்ளியில் படிக்கும்போது இவருடைய வாத்தியார், 'இவன் விஞ்ஞானியாக நினைப்பது சுத்த அபத்தம்' என்ற ரீதியில் ரிப்போர்ட் எழுதினாராம். மார்க் ஷீட்டைப் பார்த்துப் பிள்ளைகளை வாட்டும் தாய்மார்கள் கவனிக்க!) பிறகு 2006-ல் ஜப்பானிய டாக்டர் யாமனாகா, நாலே ஜீன்களைச் செலுத்தி எலியின் தோல் அணுக்களை உச்சிக்கு ஏற்றிவிட்டார். 2012-ல் இருவரும் நோபல் பரிசைப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

இதெல்லாம் கடல் கடந்த சங்கதி. நம் பக்கத்து ஊரான பெங்களூரில் ஒரு பெண்மணி செய்த காரியம்தான் என் மனசை அதிகம் தொட்டது. ஜவாஹர்லால் நேரு உயர் விஞ்ஞான ஆராய்ச்சி மையத்தில் பணியாற்றிய டாக்டர் மனீஷா இனாம்தார் என்ற மூலக்கூறு உயிரியல் அறிஞர் அவர்.

குழந்தையில்லாத தம்பதிகளுக்காகச் சோதனைக் குழாயில் கரு உண்டாக்குகிறார்கள் அல்லவா? அப்படி உண்டாகும் கருக்களை டாக்டர்கள் தரம் பிரிப்பார்கள். மூன்றாம் தரம் என்று முத்திரை விழுந்தவை தாயின் கர்ப்பத்துக்குப் போவதில்லை, கழித்துவிடப்படும். அப்படிக் கழிக்கப்பட்ட கருக்களிலிருந்து இனாம்தார் குழுவினர் இரண்டு ஸ்டெம் செல் வம்சங்களை வளர்த்தெடுத்து 2009-ல் வெளியிட்டார்கள். இரண்டும் கூடப் பிறந்தவை! பெயர் மட்டும் 'பிஜேஎன்ஹெம் 19', 'பிஜேஎன்ஹெம் 20' என்று மோட்டார் நம்பர் மாதிரி. என்னைக் கேட்டிருந்தால் நல்லதாக இரண்டு பெயர் சொல்லியிருப்பேன்.

பெயர் வைக்கத் தெரியாதவர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. இதே விஞ்ஞானி ஆராய்ந்த ஒரு ஜீனுக்கு 'அஸ்ரிஜ்' என்று பெயர். ரத்தத்தைக் குறிக்கும் சமஸ்கிருதச் சொல். பழ ஈயிலும் அது உண்டு, எலியிலும் உண்டு, மனிதரிலும் உண்டு. அதன் வேலை என்ன தெரியுமா? அணுவைக் காத்திருக்கச் செய்வது! ஈயில் இந்த ஜீனைக் குறைத்தால், இளம் ரத்த அணுக்கள் பக்குவ காலத்துக்கு முன்பே முதிர்ந்து விடுகின்றன. எலியில் இதை நீக்கியபோது, அமைதியாக இருக்க வேண்டிய ரத்த ஸ்டெம் செல்கள் அமைதி இழந்து பெருகத் தொடங்கின. 2019-ல் வெளியான ஆராய்ச்சி இது. பாறை உச்சியில் நிற்பதற்கும் ஒரு முட்டு தேவைப்படுகிறது.

பாட்டியின் காகிதத்தில் இல்லாத விஷயம் இதுதான். எதுவாகவும் ஆகக்கூடிய அணு, நாம் வேண்டாத எதுவாகவும் ஆகும். பக்குவப்படுத்தாத கரு ஸ்டெம் செல்லை எலிக்குள் செலுத்தினால் கட்டி வளர்கிறது. மனித ஸ்டெம் செல் சரியானதுதானா என்று ஆய்வுக்கூடத்தில் பரீட்சிக்கும் முறையே இதுதான். இன்ன பள்ளத்தில்தான் இறங்கவேண்டும் என்று அதற்குக் கற்பிக்கும் வித்தையைத்தான் இனாம்தார் போன்றவர்கள் வருஷக்கணக்காகத் தேடுகிறார்கள். விளம்பரக்காரர்களோ பெரும்பாலும் நோயாளியின் சொந்த எலும்பு மஜ்ஜையிலிருந்தோ கொழுப்பிலிருந்தோ எதையோ எடுத்துத் திரும்பக் குத்துகிறார்கள். அது தசையாக முளைக்கும் என்பதற்கு நிரூபணம் கிடையாது.

அப்படியானால் எல்லாமே ஏமாற்றா? இல்லை. ரத்த நோய்களுக்கு ஸ்டெம் செல் மெய்யாகவே உயிர் கொடுக்கிறது. செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை வழியாகப் பஸ் ஏறினால் எட்டிவிடும் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் 1986-லிருந்தே எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடக்கிறது. ரத்தம் உறையாத ஹீமோபீலியா நோயாளிகள் 5 பேருக்கு, அவர்களுடைய ரத்த ஸ்டெம் செல்லிலேயே குறையைச் சரிசெய்யும் ஜீனை ஏற்றித் திருப்பிச் செலுத்தினார்கள். கவனித்து வந்த காலம் முழுவதும் ஒருவருக்கும் ரத்தக் கசிவு இல்லை என்று 2024 டிசம்பரில் அறிவித்தார்கள். ஐந்தே பேர்! அதற்கே எத்தனை வருஷ உழைப்பு!

நம் நாட்டு 2017-ம் வருஷ வழிகாட்டு விதிகளின்படி, ரத்த நோய்களுக்கான மாற்றுச் சிகிச்சை நீங்கலாக மற்றவற்றை அனுமதி பெற்ற பரிசோதனையாக மட்டுமே செய்யலாம். அந்தப் பரிசோதனைக்குப் பதிவு நம்பர் இருக்க வேண்டும். அதில் சேருகிறவரிடம் காசு வாங்கக் கூடாது. பாட்டியிடம் டெலிபோனில் இந்த இரண்டை மட்டும் கேட்கச் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து அவளே கூப்பிட்டாள்.

"கேட்டேம்மா. 'பதிவு நம்பரெல்லாம் உனக்கு எதுக்குப் பாட்டி, பணத்தோட வா'ன்னான். பரிசோதனைன்னா காசு வாங்கக்கூடாதாமேன்னேன். டக்குனு வெச்சுட்டான்."

"சங்கிலி?"

"கழுத்திலேதான் கெடக்கு." சற்று மௌனம். "பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்ன மாத்திரையும் கால் பயிற்சியும்தான் நடக்குது. அதுக்கு மேலே ஒண்ணும் இல்லேன்னுதானே சொல்றே?"

"இப்போதைக்கு இல்லை, பாட்டி" என்றேன். வேறு என்ன சொல்ல?

அதற்குள் பையன் டெலிபோனைப் பிடுங்கிக்கொண்டான். ஆனைக்குளத்துத் தலைப்பிரட்டைகள் இரண்டைப் புட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறானாம்.

"பின்னங்கால் முளைச்சிடுச்சு, ஆன்ட்டி! முன்னங்கால் எப்போ வரும்?"