கம்ப்யூட்டருக்குள் ஒரு செல்போன்!

கையில் பிடிக்க முடியாத செல்போன் ஒன்று உண்டு. அது கம்ப்யூட்டர் திரையில் ஓடும்!

அதற்கு "எமுலேட்டர்" என்று பெயர். "ஆப்" தயாரிப்பவர்கள் அதில்தான் முதலில் ஓட்டிப் பார்ப்பார்கள். ஆண்ட்ராய்டு போனுக்கான எமுலேட்டரை கூகுள் கம்பெனி 2007-ம் ஆண்டு வெளியிட்டது. புதுப் போன் வாங்க வசதி இல்லாத மாணவனுக்கு இது பெரிய உதவி. ஆனால் அது படுத்தும் பாடு கொஞ்சநஞ்சம் அல்ல!

ஆமை வேகம்

சில கம்ப்யூட்டர்களில் அது ஆமைபோல நகரும். காரணம் என்ன?

போனின் மூளை "ஆர்ம்" வகை. கம்ப்யூட்டரின் மூளை பெரும்பாலும் "இன்டெல்" வகை. ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்த்தால் தாமதம் ஆகாதா? கம்ப்யூட்டரின் மூளைக்கு ஏற்ற ஆண்ட்ராய்டைப் போட வேண்டும். "விர்ச்சுவலைசேஷன்" என்ற வசதி அணைந்து கிடந்தால், அதையும் "ஆன்" செய்ய வேண்டும். காசு செலவு இல்லை!

யார் வீடு?

அடுத்த தகராறு வேடிக்கையானது. ஆப்புக்குத் தகவல் தரும் "சர்வர்" அதே கம்ப்யூட்டரில் ஓடும். அதன் விலாசம் 127.0.0.1. அதை ஆப்பில் எழுதினால் தொடர்பு கிடைக்காது. இரவு முழுவதும் தேடினாலும் தப்பு தெரியாது!

127.0.0.1 என்றால் "என் வீடு" என்று அர்த்தம். எமுலேட்டர் அப்படிச் சொன்னால், அது எமுலேட்டரின் வீடு. அங்கே சர்வர் ஏது? கம்ப்யூட்டரைக் கூப்பிட 10.0.2.2 என்று எழுத வேண்டும். உடனே பதில் வரும்.

ஆப்பிள் கம்பெனியின் "சிமுலேட்டர்" அப்படி அல்ல. அது மேக் கம்ப்யூட்டரோடு ஒட்டுக் குடித்தனம். அங்கே 127.0.0.1 போதும்.

நிஜப் போனுக்கு மாற்றினால்? போனும் கம்ப்யூட்டரும் ஒரே "வை-பை"யில் இருக்க வேண்டும். அந்த வை-பையில் கம்ப்யூட்டருக்கு உள்ள விலாசத்தை எழுத வேண்டும்.