லோடு லோடாக கிராவல் கொட்டியும் வாசலில் தண்ணீர் தேங்குதா? நீங்களே செய்யலாம் ஒரு 'ரோட்டுப் பரம்பு'!

மதுரை வில்லாபுரத்தைத் தாண்டி அவனியாபுரம், பெருங்குடி என்று விமான நிலையப் பக்கம் போனால், புதுப்புது வீடுகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. அவனியாபுரம் நகராட்சி 2011-ல் மதுரை மாநகராட்சியோடு இணைந்தது. ஊர் வளர்ந்த வேகத்துக்குத் தார் ரோடும் சிமென்ட் ரோடும் எல்லா மூலைக்கும் வந்துவிடுவதில்லை. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி வீடு கட்டியவர்கள், கேட்டிலிருந்து வாசல் வரை கிராவல் மண்ணைக் கொட்டித்தான் பாதை போட்டுக்கொள்கிறார்கள்.

முதல் மழை வரைக்கும் அந்தப் பாதை ஜோராக இருக்கும். ஐப்பசி மழை நாலு நாள் அடித்தால் போதும். டயர் போகும் இரண்டு தடமும் வாய்க்காலாகும், நடுவில் பள்ளம் விழும், பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். ராத்திரி வீட்டுக்கு வருகிற பைக் அதில்தான் சறுக்கும். தாத்தா, பாட்டி கால் வைக்கப் பயப்படுவார்கள். உடனே நாம் செய்வது என்ன? இன்னொரு லோடு கிராவலுக்குப் போன் போடுவோம்!

அந்தப் போனை எடுப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

காணாமல் போகும் வாசற்படி

ஒரு யூனிட் கிராவல் என்பது 100 கன அடி. உங்கள் பாதை 60 அடி நீளம், 10 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு யூனிட்டை அதில் பரப்பினால் 2 இன்ச் உயரம் ஏறும். மூன்று மழைக்காலத்தில் மூன்று யூனிட் என்றால் 6 இன்ச். மண் அமுங்கிக் கொஞ்சம் குறையலாம். ஆனால், ஒரு வாசற்படியின் உயரமே கிட்டத்தட்ட 6 இன்ச்தான். அதாவது, காசு கொடுத்து நம் வீட்டுப் படியில் ஒன்றை நாமே மண்ணுக்குள் புதைத்துவிடுகிறோம். பாதை உயர உயர வீடு தாழ்கிறது. அப்புறம் மழைத்தண்ணீர் வாசலோடு நிற்குமா?

தார் ரோட்டிலும் இதே பிரச்னைதான். ரோடு மேல் ரோடு போட்டு வீடுகள் பள்ளத்துக்குப் போவதைத் தடுக்க, பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே உயரத்தில்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு உத்தரவிட்டார். நம் வீட்டுப் பாதைக்கும் அந்த விதி பொருந்தும். புது மண் கொட்டுவதற்கு முன், ஏற்கெனவே கிடக்கும் மண்ணை மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தள்ளினாலே பாதிப் பிரச்னை தீரும்.

வயலுக்கு ஒரு மட்டம், பாதைக்கு ஒரு மட்டம்

மண்ணை நிரவுவது நமக்குப் புதுசு இல்லை. நாற்று நடுவதற்கு முன் சேற்று வயலில் மாடு பூட்டிப் பரம்படிப்பார்கள். கனமான நீளப் பலகை மேட்டுச் சேற்றை வழித்துப் பள்ளத்தில் விட்டுக்கொண்டே போகும். முடிந்த பிறகு பார்த்தால் வயல் முழுக்க ஒரே அளவில் தண்ணீர் நிற்கும். அப்படி நின்றால்தான் நெல்லுக்கு நல்லது.

சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. இன்று பிளாட்டாகிப்போன இடங்களில் பலவும் ஒரு காலத்தில் கண்மாய்ப் பாசன வயல்கள். தண்ணீர் ஓடாமல் நிற்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பரம்படித்துச் சமப்படுத்திய மண் அது. அதன் மேல் பாதை போட்டுவிட்டுத் தண்ணீர் ஓடவில்லையே என்றால் எப்படி ஓடும்?

பாதைக்கு வேண்டியது வேறு மட்டம். நடு முதுகு கொஞ்சம் உயர்ந்து, இரண்டு ஓரமும் தாழ்ந்து இருக்க வேண்டும். கொத்தனார் பாஷையில் சொன்னால், 'வாட்டம்' விட வேண்டும். கிராவல் பாதைக்கு சுமார் 4 சதவிகித வாட்டம் தேவை. நம் கணக்கில், அடிக்கு அரை இன்ச். 10 அடி அகலப் பாதை என்றால், நடுப்பகுதி ஓரத்தைவிட இரண்டரை இன்ச் உயரமாக இருந்தால் சரி.

இரண்டரை இன்ச்சில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைக்க வேண்டாம். 1 செ.மீ. மழை பெய்தாலே அந்த 60 அடிப் பாதையில் மட்டும் 550 லிட்டருக்கு மேல் தண்ணீர் விழுகிறது. அது உடனே ஓரத்துக்கு வடிய வேண்டும், இல்லாவிட்டால் பாதைக்குள் இறங்கி மண்ணை இளக்கிவிடும். அதன்மேல் டயர் ஏறும்போது நைசான மண் தண்ணீரோடு பிதுங்கி வெளியேறும். குழி பிறப்பது இப்படித்தான்.

பழைய கட்டையில் பிறந்த ரோடு

பரம்பை ரோட்டுக்குக் கொண்டுபோய் உலகப் புகழ் பெற்றவர் ஒரு விவசாயி. அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தைச் சேர்ந்த டி.வார்டு கிங். 1896-ல் தன் வீட்டுக்கு முன்னால் இருந்த மண் ரோடு மழையில் சகதியாவதைப் பார்த்து நொந்துபோனவர், வீட்டில் கிடந்த வீணாய்ப்போன மரப் பம்ப்புக் கட்டை ஒன்றையும் பழைய தூண் ஒன்றையும் பலகைகளால் இணைத்து, குதிரைகளைப் பூட்டி இழுத்தார். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் விடாமல் இழுத்தார். சுற்றுவட்டார ரோடெல்லாம் சகதியாகக் கிடக்க, அவர் வீட்டு முன் ரோடு மட்டும் கெட்டியாக நின்றது.

பிறகு ஒரு மரத்துண்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, இரண்டரை அடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திக் கருவியைச் செம்மைப்படுத்தினார். ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1908-ல் அமெரிக்க வேளாண் துறை அவர் எழுதிய செய்முறையையே விவசாயிகளுக்கான கையேடாக வெளியிட்டது. இன்று டிராக்டருக்குப் பின்னால் இழுக்கும் எத்தனையோ வீட்டுத் தயாரிப்பு லெவலர்களில் இருப்பது இதே இரட்டைக் கட்டை ஐடியாதான்.

வெல்டிங் பட்டறையில் என்ன சொல்ல வேண்டும்?

மரத்துக்குப் பதில் நமக்கு இரும்பு. பழைய இரும்புக் கடையில் பாதிச் சாமான் கிடைத்துவிடும்.

* 100 மி.மீ. சி சேனல்: 5 அடியில் 2 துண்டு. மீட்டருக்குச் சுமார் ஒன்பதரை கிலோ எடை என்பதால், இரண்டும் சேர்ந்து 29 கிலோ வரும்.
* 50 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனம் உள்ள ஆங்கிள்: 3 அடியில் 2 துண்டு. சுமார் 8 கிலோ.
* 50 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனம் உள்ள பட்டை: 5 அடியில் 1. மூன்றரை கிலோவுக்குச் சற்று மேல்.
* கெட்டியான சங்கிலி, அதை மாட்ட இரண்டு கொக்கி.

மொத்தம் சுமார் 40 கிலோ. அன்றைய கிலோ விலையைக் கேட்டு நீங்களே செலவைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இரண்டு சேனல்களையும் தட்டையான முதுகு முன்னால் பார்க்கும்படி நிமிர்த்தி, இரண்டரை அடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக வையுங்கள். ஆங்கிள் இரண்டையும் மேலே குறுக்கே வைத்து வெல்டிங் செய்யுங்கள். முன் சேனலின் அடியில் மட்டும் பட்டையை அரை இன்ச் கீழே நீட்டிக்கொண்டிருக்கும்படி பற்றவையுங்கள். இந்தப் பட்டை மேட்டைச் சீவும். பின் சேனல், சீவிய மண்ணைப் பள்ளத்தில் அழுத்தித் தேய்க்கும்.

ஒற்றைப் பலகை போதாதா? போதாது. அது மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கி, இருக்கிற அலையையே திரும்பவும் அலையாக்கும். இரண்டு கால் இருந்தால், ஒன்று பள்ளத்துக்கு மேல் வரும்போது மற்றொன்று மேட்டில் தாங்கி நிற்கும். அதனால் கருவி முழுசாகப் பள்ளத்துக்குள் விழாது.

மினி டிராக்டரோ பவர் டில்லரோ இழுத்தால் இந்த அளவு சரி. சின்ன வாசலுக்கு ஆளே இழுக்கலாம் என்றால், முழுவதையும் ஆங்கிளிலேயே 3 அடி அகலம், 2 அடி நீளத்தில் செய்யுங்கள். 14 கிலோவுக்குள் முடிந்துவிடும். களத்தில் நெல்லைக் குவிக்கும்போது ஒருவர் பலகையை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கயிற்றால் இழுப்பாரே, அதே முறைதான்.

எப்போது, எப்படி இழுப்பது?

காய்ந்த கிராவலில் இழுத்தால் புழுதிதான் பறக்கும். சகதியில் இழுத்தால் அப்பிக்கொள்ளும். மழை விட்டு ஒன்றிரண்டு நாள் கழித்து ஒரு பிடி மண்ணை எடுத்து அமுக்கிப் பாருங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், ஆனால் உள்ளங்கையில் ஒட்டக் கூடாது. அதுதான் பக்குவம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், செப்டம்பரில் விழும் கோடை இடி மழை போன்ற மழைகளைப் பயன்படுத்திக்கொள்ளலாம். மழை இல்லையா? முதல் நாள் மாலை ஹோஸ் பைப்பில் தண்ணீர் தெளித்துவிடுங்கள்.

ஆழமான குழியை அப்படியே மூடினால் அடுத்த மழையில் அதே இடத்தில் திரும்ப வரும். கடப்பாரையால் குழியின் அடிமட்டம் வரை சுற்றிலும் கொத்தி இளக்கிவிட்டு, பிறகு நிரப்புங்கள். அப்போதுதான் பழைய மண்ணும் புது மண்ணும் ஒன்றாகப் பிடிக்கும்.

இனி சூட்சுமம் சங்கிலியில் இருக்கிறது. கருவியை நேராக இழுக்காதீர்கள், சாய்வாக இழுங்கள். பாதையின் ஓரத்துப் பக்கம் சங்கிலியைக் குட்டையாகவும், நடுப்பக்கம் நீளமாகவும் மாட்டினால் ஓரத்து முனை முந்திப் போகும். மண் சரிந்து பாதையின் நடுவுக்கு வந்து சேரும். போகும்போது ஒரு பக்கம், திரும்பும்போது மறுபக்கம் என்று நாலைந்து முறை நடக்கிற வேகத்தில் இழுத்தால் முதுகு தானாக எழும்பும். அதிகம் சீவ வேண்டுமென்றால் மொத்தச் சங்கிலியை நீளமாக விடுங்கள். குறைவாகப் போதுமென்றால் குட்டையாக்குங்கள்.

வாட்டம் சரியா என்று பார்க்கக் கொத்தனாரின் டியூப் லெவல் போதும். கண்ணாடி டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை நடுவிலும் இன்னொன்றை ஓரத்திலும் பிடியுங்கள். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அங்கிருந்து தரை வரை அளந்தால் வரும் வித்தியாசம்தான் வாட்டம். இரண்டு பக்கமும் காம்பவுண்டு சுவர் இருந்தால் நடு முதுகு வேண்டாம். வீட்டுக்கு எதிர்ப்புறமாக ஒரே பக்கம் சரிவு கொடுங்கள். கடைசியாக, திமிசுக் கட்டையாலோ ரோலராலோ இறுக்குங்கள். சில நாள்களுக்கு ஒரே தடத்தில் வண்டி ஓட்டாமல் மாற்றி மாற்றி ஓட்டுங்கள்.

இதில் விளையாடாதீர்கள்!

* எடை போதவில்லை என்றால் மணல் மூட்டையைக் கட்டுங்கள். ஓடும் கருவியின் மேல் ஆள் ஏறி நிற்கவே கூடாது. குழந்தைகளை ஏற்றி ரவுண்டு அடிப்பதும் வேண்டாம்.
* குடிநீர்க் குழாய், போர்வெல் வயர், மின்சாரக் கேபிள் எந்த வழியாகப் போகின்றன என்று பார்த்துக் குறித்துவிட்டுத் தொடங்குங்கள்.
* இது சொந்த இடத்துக்கு மட்டும். பொதுத் தெரு மாநகராட்சியுடையது; அங்கே குழி இருந்தால் புகார் கொடுப்பதுதான் வழி.

தண்ணீர் எங்கே போகும்?

இதை யோசிக்காமல் விட்டால், நம் வாசல் காய்ந்து பக்கத்து வீட்டு வாசல் குளமாகும். அப்புறம் தெருவில் சண்டைதான். ஓரத்துக்கு வடியும் தண்ணீரைச் சின்ன வாய்க்காலாகத் தென்னைக்கோ வாழைக்கோ திருப்பிவிடலாம். தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. வீட்டில் அந்தக் குழி தூர்ந்து கிடந்தால் இப்போதே தூர் வாருங்கள். ஆனால், பாதைத் தண்ணீர் கலங்கலாக வரும். ஜல்லியும் மணலும் போட்ட வடிகட்டும் தொட்டி வழியாக விட்டால் குழி அடைபடாது.

ஒரு தடவை இழுத்துவிட்டுக் கருவியை மூலையில் சாத்திவிடாதீர்கள். பெரிய மழை ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். அக்கம்பக்கத்து நாலு வீடு சேர்ந்து ஒரு பரம்பு செய்து வைத்துக்கொண்டால், செலவும் நாலாகப் பிரியும். யார் வீட்டுத் தண்ணீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதையும் மழைக்கு முன்பே உட்கார்ந்து பேசி முடித்துவிடலாம்.