ஹாலி வால்நட்சத்திரம்: அடுத்த வரவு 2061

1531, 1607, 1682-இல் தெரிந்தவை மூன்றல்ல, ஒன்றே என்று 1705-இல் கணக்குப் போட்டுச் சொன்னவர் எட்மண்ட் ஹாலி. 1758-இல் திரும்பும் என்றார். பார்க்க அவர் இல்லை. அந்தக் கிறிஸ்துமஸ் இரவில் முதலில் கண்டவர் பாலிட்ச் என்ற ஜெர்மானிய விவசாயி.

கோள்களுக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. கிட்டே வந்தால் வெள்ளியின் பாதைக்கும் உள்ளே. விலகினால் நெப்டியூனுக்கும் அப்பால். ஒரு சுற்றுக்குச் சுமார் 76 ஆண்டுகள்.

1910 வரவை, பழனி மலைமேல் உள்ள கொடைக்கானல் வானாய்வகத்தில் ஜான் எவர்ஷெட் படமெடுத்தார். நிறமாலையையும் பதிவு செய்தார். 1986 வரவு வெறுங்கண்ணுக்கு ஏமாற்றமே.

2061 வரை காத்திருக்க வேண்டாம். மே முதல் வாரம், விடியலுக்கு முன் கிழக்கே பாருங்கள்: கும்ப ராசிப் பக்கமிருந்து கீறிக்கொண்டு வரும் எரிமீன்கள் ஹாலி உதிர்த்த தூசிதான்.